பொத்தை முதுகில் எட்டு ஷாட்

கல்லிடைக்குறிச்சி ஆற்றுப்பாலத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை கண்ணை நிறைக்கும். அதையே ஃபோனில் எடுத்துப் பார்த்தால் கரையான் புற்று உயரத்துக்கு ஒரு நீலக்கோடு, அதற்கு மேலே முக்கால்வாசி வெறும் வானம். எத்தனை வருஷமாக இந்த ஏமாற்றம்! போன வருஷம் ஒருநாள் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். பொதிகையின் உச்சியான அகத்தியமலை 1,868 மீட்டர். எங்கள் பக்கத்திலிருந்து நேர்கோட்டில் 25 கிலோமீட்டர் சொச்சம். அப்படியென்றால் அடிவானத்திலிருந்து அது எழும்புவது நாலு டிகிரிகூட இல்லை. கையை நீட்டி, இரண்டு கட்டைவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் பொதிகை மொத்தமும் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அகலமோ, தெற்கே மாஞ்சோலைப் பக்கத்து முகட்டில் பிடித்து வடக்கே கடையத்துக்கு மேலே உள்ள மலைவரை போனால் 120 டிகிரி வருகிறது. உயரம் இரண்டு விரல், அகலம் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதை ஒரே ஃபிரேமுக்குள் திணிக்கப் பார்த்தால் புற்றுதான் கிடைக்கும்.

ஆகவே துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும் என்று முடிவானது. ஃபோனிலேயே பனோரமா இருக்கிறதே என்பீர்கள். எடுத்துப் பார்த்தேன். கோடு பாம்பு மாதிரி நெளிகிறது, பெரிதாக்கினால் பாறை எல்லாம் களிமண். என்னிடம் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, 24 மெகாபிக்சல், கூடவே வந்த 18–55 லென்ஸ். அதை வைத்து எடுப்பதற்காக நானே செய்த பிராக்கெட், அதைச் சுமந்துகொண்டு ஏறிய பொத்தை, கெட்டுப்போன நாலு காலை, தேறிய ஒரு காலை இவற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வெளியூர்க்காரர்களுக்கு: வயல்வெளிக்கு நடுவில் தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் மொட்டைக் கல்மலையை எங்கள் ஊரில் பொத்தை என்போம். நான் பிடித்தது வீரவநல்லூருக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடைப்பட்ட ஒன்று. பெயர் சொல்ல மாட்டேன். எம்-சாண்டுக்குக் கல் தேடி அலைகிறவர்கள் கண்ணில் இன்னும் படாத பொத்தை அது, அப்படியே இருக்கட்டும். வடக்கு தெற்காக அரைக் கிலோமீட்டர் நீளம், எருமை படுத்திருக்கிற தோரணை. முதுகு முழுக்க நடக்கலாம். மேற்கே இறங்கினால் பிசான நெற்பயிர், கன்னடியன் கால்வாய், அதற்கப்புறம் மலையடிவாரம்.

நேரே மலைக்கே போக வேண்டியதுதானே என்று வீட்டில் கேட்டார்கள். அடிவாரம் தாண்டினால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-இலிருந்து அப்படித்தான், நினைத்த இடத்தில் நினைத்த நேரத்தில் ஏற முடியாது. அகத்தியமலை உச்சிக்குப் போகிறவர்களே கேரளப் பக்கம் போனக்காடு வழியாக, வனத்துறை அனுமதிச்சீட்டோடு, சீசனில்தான் போகிறார்கள். அதுவும் போக, மலைக்குள்ளே போய்விட்டால் மலை எங்கே தெரியும்?

முதலில் போனது ஆடியில். அதைவிட முட்டாள்தனம் கிடையாது. சாரல் காலம், மலை இடுப்புக்கு மேல் மேகத்துக்குள். பொத்தை முதுகில் மேக்காற்று ஆளைத் தள்ளுகிறது, ட்ரைபாட் காலில் மூன்று செங்கல் அளவுக்குக் கல் தொங்கவிட்டும் ஆடுகிறது. வடக்கு முனையில் ஒற்றை உடைமரம் இருக்கிறது. அதன் அடியில் ஆடு மேய்க்கிற தாத்தா ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் கேமராவோடு மல்லுக்கட்டுவதை அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "என்னத்தைத் தம்பி படம் எடுக்கே?" என்றார்.

"மலையைத் தாத்தா."

"மலை எங்க இருக்கு இப்பம்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. "மார்கழியில வா. மழை ஓஞ்சு மூணா நாள் வா. கழுவிவிட்ட மாதிரி நிக்கும்" என்றார்.

அவர் சொன்னது அப்படியே சரி. வடகிழக்குப் பருவமழை காற்றிலிருக்கிற தூசியை இறக்கிவிட்டுப் போன பிறகு இரண்டு மூன்று நாளுக்குத்தான் அந்தத் தெளிவு. அப்புறம் பனிமூட்டமும் புகையும் சேர்ந்து மலையை மெல்லத் துடைத்துவிடுகின்றன. நேரமும் முக்கியம். நாம் நிற்பது மலைக்குக் கிழக்கே. சாயங்காலம் போனால் சூரியன் மலைக்குப் பின்னால், வெறும் கறுப்பு உருவம்தான் கிடைக்கும். அதிகாலையில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வெயில் நேரே மலைமேல் விழுகிறது. உச்சிக்கு நம்மைவிட நாலைந்து நிமிடம் முன்னாலேயே விடிந்துவிடும். நாம் இருட்டில் நிற்க, அங்கே தலை மட்டும் செங்கல் நிறத்தில் பற்றிக்கொள்ளும். ஒன்பது மணிக்கெல்லாம் மேகம் கட்டி மலை தொப்பி போட்டுக்கொள்ளும். ஆக, ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் கிடைப்பதுதான் சந்தர்ப்பம்.

ஐப்பசியில் மழை நடுவே வெறித்த ஒரு காலையில் இரண்டாவது தடவை. வெளிச்சம் நன்றாக இருந்தது. கேமராவை ட்ரைபாட்டில் மாட்டி, திருப்பித் திருப்பி எட்டுப் படம். வீட்டுக்கு வந்து ஹியூஜின் மென்பொருளில் போட்டு ஒட்டினேன். தூரத்து மலை மயிரிழை பிசகாமல் ஒட்டிக்கொண்டது. முன்னால் இருந்த பாறைதான் கழுத்தை அறுத்தது. மூன்று மீட்டர் தள்ளி அழகாக ஒரு உருண்டைப் பாறை, பொத்தையில் நிற்கிறோம் என்று காட்ட வேண்டுமென்று ஃபிரேமில் வைத்திருந்தேன். அதற்கு இரண்டு விளிம்பு. ஒன்று இங்கே, இன்னொன்று அறுபது பிக்சல் தள்ளி அங்கே. பாறையின் வெடிப்பு ஒன்று பாதியில் நின்று, அடுத்த படத்தில் படி இறங்கித் தொடர்கிறது.

காரணம் புரிய ஒரு ராத்திரி ஆனது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு விரலை முகத்துக்கு முன்னால் நிறுத்தி, தலையை மட்டும் திருப்பிப் பாருங்கள். விரல் பின்னாலிருக்கிற ஜன்னல் கம்பியை விட்டு நகரும். தலை சுழல்வது கழுத்தில், கண் இருப்பது அதற்கு நாலு விரல் முன்னால். கேமராவும் அப்படித்தான். சுழல்வது அடியிலிருக்கிற திருகில். லென்ஸ் உலகத்தைப் பார்க்கிற புள்ளியோ, என் லென்ஸில் அதற்கு எட்டு சென்டிமீட்டர் முன்னால். லென்ஸுக்குள் முன்பக்கமாகப் பார்த்தால் ஒளி நுழைகிற வட்டம் ஒன்று தெரியுமே, அந்த இடம். ஒவ்வொரு தடவை 15 டிகிரி திருப்பும்போதும் அந்தப் புள்ளி இரண்டு சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது. மலைக்கு இரண்டு சென்டிமீட்டர் என்ன கணக்கு? மூன்று மீட்டரில் இருக்கிற பாறைக்கு அது பெரிய கணக்கு. வெறும் மலையை மட்டும் எடுக்கிறவர்களுக்கு இந்தப் பதிவில் பாதி வேண்டாம், கையில் பிடித்தே எடுத்துவிடலாம். எனக்குப் பாறையும் வேண்டும்.

கேமராவைப் பின்னுக்குத் தள்ளி, அந்தப் புள்ளியைச் சுழலும் அச்சுக்கு நேரே கொண்டுவருகிற பிராக்கெட் கடையில் கிடைக்கிறது. விலையைப் பார்த்துவிட்டு ஜன்னல் செய்கிற பட்டறைக்குப் போனேன். கழிவில் கிடந்த அலுமினிய ஆங்கிளைத் தூக்கிக்கொடுத்தார்கள். மூன்று மில்லி கனம். வீட்டில் வந்து கேமராவை நிமிர்த்தி மாட்டிப் பார்த்தால் மூங்கில் கழி மாதிரி வளைந்து ஆடுகிறது. மறுபடி போய் ஆறு மில்லி பட்டையாக இரண்டு துண்டு வாங்கினேன். ஒன்று படுக்கை, ஒன்று செங்குத்து. எல் வடிவில் சேர்த்து இரண்டு போல்ட், மூலையில் ஒரு முக்கோணத் தகடு. படம் ஒவ்வொன்றும் நெட்டாக இருக்க வேண்டும் என்பதால் கேமரா செங்குத்துப் பட்டையில் பக்கவாட்டாக உட்காரும்.

படுக்கைப் பட்டையில் முன்னும் பின்னும் நகர்த்த நீளக்காடி வேண்டும். மில்லிங் மெஷினுக்கு எங்கே போவது? ஆறரை மில்லி டிரில் பிட்டால் வரிசையாகப் பதினான்கு ஓட்டை போட்டு, நடுவிலிருக்கிற பல்லையெல்லாம் அரத்தால் ராவி எடுத்தேன். இரண்டு சாயங்காலம் போனது. அலுமினியம் அரத்தில் அப்பிக்கொள்ளும், அரத்தில் முதலில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் அவ்வளவாக அப்பாது. இதை எனக்குச் சொன்னது லேத்துப் பட்டறை அண்ணாச்சி, நான் ராவி முடித்த பிறகு.

அவரிடம் போனது போல்ட்டுக்காக. கேமரா அடியில் இருக்கிற மரை கால் இஞ்ச், இஞ்சுக்கு இருபது சுற்று, அமெரிக்கக் கணக்கு. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் அந்தப் பெயரில் கேட்டால் முழிப்பார்கள்.

"கால் இஞ்ச் பி.எஸ்.டபிள்யூ இருக்கு. போட்டுப் பாரும்" என்று டப்பாவைக் கவிழ்த்தார் அண்ணாச்சி.

போட்டேன், ஏறியது. பி.எஸ்.டபிள்யூ என்கிற பிரிட்டிஷ் கணக்கு மரையும் இஞ்சுக்கு இருபதுதான். மரையின் கோணம் மட்டும் 60-க்குப் பதில் 55. அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு இந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது. எம்-6 போல்ட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். ஒன்றிரண்டு சுற்று ஏறுகிற மாதிரி பாவனை காட்டிவிட்டு, கேமராவின் மரையைத் தின்றுவிடும்.

சுழலும் அடித்தளத்துக்கு வீட்டில் ஓய்வுபெற்ற சீலிங் ஃபேனின் பேரிங். 6202: உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, கனம் 11 மில்லி. அண்ணாச்சி அலுமினியக் கட்டையில் அதற்குக் குழி கடைந்து, 15 மில்லி தண்டு ஒன்று செருகிக்கொடுத்தார். சுற்றிவிட்டால் நிற்காமல் சுற்றுகிறது. அவருக்குப் பெருமை, எனக்குக் கவலை. கேமரா நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டுமே. பழைய சைக்கிள் டியூப்பை வட்டமாக வெட்டி நடுவில் வாஷராகக் கொடுத்தேன். அதற்கப்புறம் நல்லெண்ணெய்ச் செக்கு மாதிரி கனமாக, நிதானமாகச் சுழன்றது. அடியில் எவர்சில்வர் டப்பா மூடி ஒன்றைக் கவிழ்த்து, அதில் பாகைமானி அச்செடுத்த காகிதத்தை ஒட்டி, 15 டிகிரிக்கு ஒரு கோடு சிவப்பு மையில். மேலே டிரான்ஸ்பரன்ட் டேப். பனியில் காகிதம் ஊறிவிடும் என்று அப்போது ஏன் தோன்றியது என்று தெரியவில்லை, பிற்பாடு அது காப்பாற்றியது.

இனி புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். மொட்டைமாடியில் பூந்தொட்டி ஒன்றில் துடைப்பக் குச்சியை நட்டேன், கேமராவுக்கு ஒரு மீட்டரில். அதற்கு நேர்பின்னால் தெருக்கோடியில் செல்ஃபோன் டவர். திரையில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்படி வைத்துக்கொண்டு, கேமராவை வலப்பக்கம் திருப்ப வேண்டும். குச்சி டவரை விட்டு இடப்பக்கம் நகர்ந்தால் லென்ஸ் அச்சுக்கு முன்னால் இருக்கிறது, பின்னுக்கு இழு. வலப்பக்கம் நகர்ந்தால் ரொம்பப் பின்னால் போய்விட்டது, முன்னுக்குத் தள்ளு. இரண்டு மில்லி, ஒரு மில்லி என்று தட்டித் தட்டி, கடைசியில் எங்கே திருப்பினாலும் குச்சி டவரை விட்டு அசையாத இடம் வந்தது. அங்கே பட்டையில் அரத்தால் ஒரு வெட்டு. ஜூம் மாறினால் புள்ளியும் மாறும், ஆகவே லென்ஸை 35 மில்லிமீட்டரில் நிறுத்தி வளையத்தைச் செல்லோடேப்பால் சுற்றி ஒட்டிவிட்டேன். 35 ஏன்? 18-இல் மலை மறுபடியும் புற்றாகிவிடும். 50-இல் மூன்று மீட்டர் பாறையும் 25 கிலோமீட்டர் மலையும் ஒரே சமயத்தில் துல்லியமாக வராது. 35-இல் லென்ஸ் துவாரத்தை எஃப்/11-க்குச் சுருக்கி ஐந்தரை மீட்டரில் ஃபோகஸ் நிறுத்தினால் மூன்று மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவு.

அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் கேமராவை மாட்டி முடுக்கும்போது 'டிக்' என்றது. போல்ட் நீளம். கேமராவின் துளை முடிந்தும் நான் முடுக்கியிருக்கிறேன். வயிறு கலங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் நல்லவேளை, அடித்தகட்டில் கீறல் மட்டும். பட்டைக்கு வெளியே போல்ட் நீட்டிக்கொண்டிருப்பது அரை சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மூன்று வாஷர் கோத்துச் சரிசெய்தேன். யாராவது இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால் வேறெதை மறந்தாலும் இந்த வாஷரை மறக்காதீர்கள்.

மார்கழி பிறந்து, மழை ஓய்ந்து மூன்றாம் நாள். கோயில் ஸ்பீக்கர் போடுவதற்கு முன் கிளம்பி, ஐந்தேகாலுக்குப் பொத்தை அடியில். இங்கே நடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இரண்டு தடவை விழுந்திருக்கிறேன்.

மொட்டைப்பாறையில் ஏறுவது சுலபம், நம்பிக்கை வந்துவிடும், அதுதான் ஆபத்து. பாறை மேல்பக்கம் வெயிலிலும் குளிரிலும் வெங்காயத் தோல் மாதிரி ஓடு ஓடாகக் கழன்று நிற்கிறது. சில ஓடு சாப்பாட்டு மேசை அகலம் இருக்கும், அடியில் வெற்றிடம். காலை வைத்தால் சாய்ந்துவிடும். ஆடு மேய்க்கிற தாத்தா கையிலிருக்கிற கம்பால் தட்டித் தட்டித்தான் நடப்பார். "'டொக்'னு சத்தம் கேட்டா மிதிக்காத. 'டக்'னு கேட்டா கல்லு." முதலில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ட்ரைபாட் காலால் தட்டிப் பழகப் பழக, காலுக்கு முன்னால் காது நடக்க ஆரம்பித்தது. இன்னொன்று, மழைத்தண்ணீர் வழிந்து கறுத்த பட்டைகள். காய்ந்திருக்கும்போது சாதுவாக இருக்கும். பனி பட்டால் சோப்பு. வெளிறிய, சொரசொரப்பான கல்லாகப் பார்த்து மிதிக்க வேண்டும். கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டு ஏறினால் குனியும்போது அது முன்னால் ஊசலாடி ஆளை இழுக்கும். எல்லாம் பைக்குள், பை முதுகில், இரண்டு கையும் சும்மா. மேற்குச் சரிவில் ஒரு பிதுக்கத்துக்கு அடியில் பெருந்தேனீ அடை கட்டியிருக்கிறது. அந்தப் பக்கம் டார்ச் அடிக்கக்கூடாது, வெளிச்சத்தைத் தேடி வரும். கல் இடுக்கில் பார்க்காமல் கை விடக்கூடாது, சுருட்டை விரியன் உண்டு.

உடைமரத்தடியில் ட்ரைபாட்டை நிறுத்தினேன். தாத்தா இன்னும் வரவில்லை. கீழே பிசானப் பயிர் மேல் வெள்ளைத் துணி விரித்த மாதிரி மூட்டம். மலை உச்சி சிவக்கிறது, இறங்கி வருகிறது. எல்லாவற்றையும் கையால் நிறுத்தினேன்: ஐஎஸ்ஓ 100, எஃப்/11, அறுபதில் ஒரு நொடி, வெள்ளைச் சமநிலை 'வெயில்', ஃபோகஸ் மேனுவல். ஆட்டோவில் விட்டால் எட்டுப் படமும் எட்டு நிறத்தில் வரும். போலரைசர் ஃபில்டரைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். தனிப்படத்துக்கு நல்லது, இதற்கு விஷம். சூரியனுக்குத் தொண்ணூறு டிகிரியில் வானம் மிகக் கறுக்கும், தள்ளிப்போகப் போக வெளுக்கும், ஒட்டினால் வானத்தில் கருமேகம் மாதிரி ஒரு பட்டை நிற்கும்.

கிர், கிர் என்று திருப்பி எட்டுப் படம். வீட்டுக்கு வந்து ஒட்டினால் பாறை ஒற்றை விளிம்போடு முழுசாக நின்றது! வெடிப்பு முறியவே இல்லை. ஆனால் ஏழாவது படத்தில் என் நிழல், ட்ரைபாட்டோடு சேர்த்து ஐந்து கால் பிராணியாகப் பாறைமேல் படுத்திருந்தது. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் திருநெல்வேலி – செங்கோட்டை ரயில் குறுக்கே போயிருக்கிறது. முன்பாதி ஒரு படத்தில், பின்பாதி அடுத்ததில், நடுவில் இரண்டு பெட்டி காணவில்லை. ரயில்வேக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ.

அதைவிடப் பெரிய குறை வேறு. படத்தில் மலை ஒரே சுவராக இருந்தது. நீலச்சுவர். முன்மலையும் பின்மலையும் ஒட்டிப்போய், அகத்தியர் உச்சி முன்மலையின் தோளுக்குப் பின்னால் பதுங்கி, மூக்குநுனி மட்டும் தெரிகிறது. ஐந்தலைப் பொதிகை என்று சொல்லி வளர்ந்தவனுக்கு அரைத்தலைகூடக் கிடைக்கவில்லை. அடுத்து வந்த ஒரு நாள் பனிமூட்டத்தில் போனது. எடுத்தவரைக்கும் அதே சுவர்.

அன்றைக்கு வெறுத்துப்போய், பையைத் தூக்கிக்கொண்டு பொத்தை முதுகில் தெற்கே நடந்தேன். சும்மா நடப்பதற்காகத்தான். விராலிப் புதர், கத்தாழை, நடுவில் ஒரு பள்ளம் இறங்கி ஏற வேண்டும், தெற்கு முனையில் பாறைக்குழியில் ஒரு சுனை. கார்த்திகை மழைத் தண்ணீர் முழங்கால் ஆழம், உள்ளே தவளைக் குஞ்சுகள். முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது மூட்டம் கொஞ்சம் விலகியிருந்தது. மலை மாறியிருந்தது. முன்மலையின் தோள் வடக்கே தள்ளிப்போய், அதன் தெற்கு ஓரத்து இடுக்கில் பொதிகையின் தலை முழுசாக எட்டிப் பார்த்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்ததால் பாறைக்கு இரண்டு விளிம்பு வந்ததே, அதே சங்கதிதான் இது. முன்மலை எட்டு கிலோமீட்டரில், பின்மலை இருபத்தைந்துக்கு மேல். நான் நடந்தது நானூறு மீட்டர். முன்மலை ஏறக்குறைய மூன்று டிகிரி நகர்கிறது, பின்மலை ஒரு டிகிரிகூட இல்லை. இரண்டுக்கும் நடுவே இரண்டு டிகிரி, நீட்டிய கையில் ஒரு கட்டைவிரல் அகலம். அந்த ஒரு விரல் விலகலில் உச்சி வெளியே வந்துவிட்டது. எதை ஒழிக்க இரண்டு மாசம் அலுமினியம் ராவினேனோ, அதை வேண்டுமென்றே வரவழைக்கத்தான் இந்தப் பொத்தையே இவ்வளவு நீளமாகப் படுத்திருக்கிறது. கேமரா தன் இடத்தில் அசையக்கூடாது, ஆள் அசைய வேண்டும்.

அப்புறம் மூன்று காலை முதுகு முழுக்க நடந்தேன், கேமராவை எடுக்காமலேயே. முப்பது அடிக்கு ஒரு தடவை நின்று, கட்டைவிரலை நீட்டி, எந்தத் தோளுக்குப் பின்னால் எது போகிறது, எது வருகிறது என்று பார்த்து, நோட்டில் கோடு போட்டுக்கொண்டேன். சுனைக்குக் கொஞ்சம் வடக்கே, பள்ளத்திலிருந்து ஏறி வருகிற இடத்தில், முன்மலை மூன்று அடுக்காகப் பிரிகிறது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே காலைமூட்டம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கிறது. அங்கிருந்து நன்றாகத் தள்ளிப்போனால் இரண்டு அடுக்கு மறுபடி ஒட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில் பாறையில் சாக்பீஸால் மூன்று புள்ளி, ட்ரைபாட் காலுக்கு.

தை பிறப்பதற்கு முந்தின வாரம் ஒரு மழை தூறி நின்றது. மூன்றாம் நாள் போனேன். அன்றைக்கு எல்லாம் கூடிவந்தது என்று எழுத ஆசைதான். ஆறே முக்காலுக்கு டப்பா மூடியில் பனி வழிகிறது, டேப் போட்டிருந்ததால் கோடு அழியவில்லை. சைக்கிள் டியூப் வாஷர் குளிரில் விறைத்து, திருப்பும்போது வெட்டி வெட்டி இழுத்தது. உள்ளங்கையை மூடிமேல் வைத்துச் சூடாக்கிக்கொண்டு திருப்பினேன். நிழலுக்கு வழி: ட்ரைபாட்டைக் கால் நீட்டாமல் முழங்கால் உயரத்துக்கு இறக்கி, இரண்டு நொடி டைமரில் அழுத்திவிட்டு நான் தரையோடு படுத்துக்கொள்வது. நிழல் சரிவுக்கு அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. ஒரு நிமிஷத்துக்குள் எட்டுப் படமும் முடித்தாக வேண்டும், இல்லையென்றால் மேகம் நகர்ந்து இரண்டாகத் தெரியும். இரண்டு ஓட்டம் எடுத்தேன். மூன்றாவது ஓட்டத்தில் ரயில் வந்தது. அது போகட்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன்.

ஒட்டி முடிந்தபோது இருபதாயிரம் பிக்சல் அகலம். கலர் சரிசெய்வதில் ஒரே ஒரு விஷயம். மூட்டத்தை நீக்குகிற ஸ்லைடரை ஆசையாக இழுத்துவிடுகிறோம். மலை இரும்புச்சட்டி மாதிரி கறுத்து, பார்க்கிறவர்கள் 'ஆகா' என்பார்கள். ஆனால் முன்மலை அடர்நீலம், அடுத்தது வெளிர்நீலம், கடைசியது புகை என்று வருகிற படிவரிசையால்தான் தூரம் தெரிகிறது. அதை அழித்தால் மறுபடி ஒரே சுவர். ஸ்லைடரைத் தொட்ட இடத்திலேயே விட்டுவிட்டேன். திருநெல்வேலியில் ஆறடி நீளம், ஓரடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் பிரிண்ட்.

சுருட்டி எடுத்துக்கொண்டு பொத்தைக்குப் போனேன். தாத்தா உடைமரத்தடியில் இருந்தார். பாறைமேல் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தேன். ஆடு ஒன்று வந்து மோந்து பார்த்தது, அதை விரட்டிவிட்டுக் குனிந்தார். நடுவிலிருக்கிற உச்சியைக் காட்டிப் பேசுவார் என்று நினைத்தேன். அவர் விரல் நேரே முன்மலைத் தோளுக்கும் பொதிகைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் போய் நின்றது.

"இது இங்க வச்சு எடுக்கலையே. சுனைக்கிட்ட எடுத்தியா?"

"எப்படித் தாத்தா தெரியும்?"

"இங்கன உக்காந்தா இந்த இடுக்கு தெரியாதுல்லா" என்று நிமிர்ந்து மலையைப் பார்த்தார். "சுனைக்குத் தண்ணி காட்டப் போறப்ப இந்தா இதுவரைக்கும் வாய் தொறந்து நிக்கும். நீ இன்னும் கொஞ்சம் இங்கிட்டு நின்னுருக்க. பள்ளத்துல ஏறுற இடமா?"

ஆமாம் என்றேன். பிரிண்ட்டைச் சுருட்டி அவரிடமே கொடுத்தேன். ஆறடி நீளத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்று கேட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, தொழுவத்தில் இடம் இருக்கிறது என்றார்.